மாட்டுக்கொட்டிலை ஒட்டிய அறை

என் மனைவிக்கு வந்திருந்தது குடல் வியாதி. அதைக் கர்ப்பப்பை வியாதி என்று நம்பி, ஒன்றரை வருஷத்துக்கு மேல் அவளுக்கு வாழைப்பூ சமைத்துப் போட்டோம். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். முடிச்சைப் போட்டு வைத்துக்கொண்டு வாசகரைக் கடைசிவரை இழுத்துப் போகிற வேலையை வாரப் பத்திரிகைகளில் வேண்டிய மட்டும் செய்தாகிவிட்டது. இந்த விஷயத்தில் அதைச் செய்யக் கை வரவில்லை.

நான் பட்டணத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் புரூப் திருத்துகிறவன். அடுத்தவர் எழுதியதில் ஒரு புள்ளி விட்டுப்போனால் பக்கத்தைப் புரட்டும்போதே கண்ணில் குத்தும். மிச்ச நேரத்தில் மனைவிமார்களைக் கிண்டல் செய்து துணுக்குகள் எழுதுவேன். அவற்றில் வரும் மனைவி சதா நகை கேட்பாள், குழம்பைத் தீய விடுவாள், சினிமாவுக்குக் கிளம்ப அரை நாள் எடுத்துக்கொள்வாள். என் மனைவிக்கு எழுத்து தெரியாது. நான்தான் படித்துக் காட்டுவேன். முழுவதும் கேட்டுவிட்டு, "யாருங்க இந்தப் பொம்பள, இம்மாம் பேசறா?" என்பாள்.

வீடு அம்பத்தூரில், ஏரிப் பாசன நிலத்தை ஒட்டிய தெருவில். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தோம். வீட்டில் மூன்றே பேர். நான், என் மனைவி, என் அக்கா. அக்கா சின்ன வயசிலேயே புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். எங்கள் அம்மா போன பிறகு சாவிக்கொத்து அவள் இடுப்புக்குப் போயிற்று. என்னை ஆளாக்கியவள் என்பதால் என்னை எந்த வயசிலும் அதட்டலாம் என்பது வீட்டுச் சட்டம். என் மனைவி அவளை அண்ணி என்பாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. மனைவிக்கு ரத்தப்போக்கு என்று தெரிந்ததும் எல்லார் புத்தியும் ஒரே பக்கம் ஓடியதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் பின்பக்கத்து அறை. எங்கள் பக்கத்து வேளாண்மைக் குடும்பங்களில் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் வீட்டுக்குத் தூரம். கொல்லையில் மாட்டுக்கொட்டிலை ஒட்டிச் சின்னதாக ஓர் அறை இருக்கும். தூரமானவள் அங்கே போய்விடுவாள். தனிப் பாய், தனித் தட்டு, தனிச் செம்பு. சோற்றைக் கொண்டுவந்து எட்ட வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். மூன்று நாளும் அவளை யாரும் தொடமாட்டார்கள், என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்க்கவும் மாட்டார்கள். அறைக்குப் பின்னால் தாழம்புதர் வேலி. அதைத் தாண்டினால் வெட்டவெளி. மற்றப் பெண்களெல்லாம் விடிவதற்கு முன்னும் இருட்டின பிறகும் துணை சேர்த்துக்கொண்டு வெளிக்குப் போக வேண்டும். பின்னறையில் இருப்பவள் நினைத்த நேரத்தில் எழுந்து போகலாம். இந்தச் சௌகரியம் ஆண்பிள்ளைகளுக்குத் தோன்றக்கூடிய சௌகரியம் இல்லை.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்திறங்கிய கோடை அது. மாட்டுக்கொட்டிலைக்கூட வாடகைக்குக் கேட்டார்கள். ஜனத்தோடு வாந்திபேதியும் வந்தது. எதிர்வீட்டில் ஒரு கிழவர் போனார். மறுநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்து அந்த வீட்டுக் கிணற்றில் மருந்தைக் கொட்டினார். தண்ணீர் கத்தரிப்பூ நிறமாயிற்று. சுவரிலெல்லாம் சுண்ணாம்பு தெளித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வண்ணான் வரவில்லை, பால்காரர் வரவில்லை, நிச்சயம் செய்திருந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டாரும் வரவில்லை. தண்ணீர் தெளிந்து வெகுநாளான பிறகும் தெரு தெளியவில்லை. கடைசியில் அவர்கள் வெள்ளானூரில் உறவுக்காரர் வீட்டோடு போய்விட்டார்கள்.

அவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்த அக்கா, அடுப்பங்கரை நடுவில் நின்று சொன்னாள்: "இதக் கேட்டுக்கங்க ரெண்டு பேரும். இந்த ஊட்ல எவுனுக்கு வவுறு கலங்கினாலும் வாயத் தொறக்கப்படாது. ஓமத்தண்ணியக் குடிச்சிட்டு கம்முனு கெடக்கணும்."

நான் இதை வைத்து ஒரு துணுக்கு எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி தலையை ஆட்டினாள். அவள் எதைக் கேட்டுக்கொண்டாலும் அப்படியே நடக்கிறவள்.

அடுத்த தை மாதத்திலிருந்து அவள் அடிக்கடி தூரமானாள். முதலில் மாதத்தில் இரண்டு தடவை. பிறகு, எழுந்து தலை முழுகி உள்ளே வந்த மூன்றாம் நாளே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி கொல்லைப்பக்கம் நடப்பாள். அக்காவுக்கு முதலில் வந்தது சந்தேகம்தான்.

"உம் பொண்டாட்டி மாசத்துல பாதி நாளு வெளியதான் கீறா. நெல்லு அவிக்கிற அன்னிக்கிப் பாத்துத்தான் அவளுக்குத் தூரம் வருது. நான் ஒருத்தி எத்தினிதான் செய்வேன், சொல்லு."

"உடம்புக்கு என்னவோ, அக்கா. வைத்தியரிடம் கேட்கட்டுமா?"

"கேளு. கேக்கத்தானே உன்னிய படிக்க வெச்சுது."

மாங்காட்டில் ஒரு வைத்தியர் இருந்தார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருகிற பெண்கள் அவரையும் பார்த்துவிட்டுப் போவார்கள். நானும் போனேன், மனைவியை விட்டுவிட்டு. தூரமானவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. தூரமில்லாத நாள் அவளுக்கு அகப்படவில்லை. ஆகவே நோயைப் பற்றி நானே எடுத்துரைத்தேன். உதிரப்பெருக்கு, சோகை, தளர்ச்சி என்று அழகான வார்த்தைகளாகப் பொறுக்கிச் சொன்னேன். வைத்தியரும் படித்தவர், வார்த்தைகளை ரசித்தார். நோயாளியின் நாடியைப் பிடிக்காமலேயே அசோகப்பட்டைக் கஷாயமும், ஒன்று விட்டு ஒரு நாள் வாழைப்பூவும், எள்ளுருண்டையும் என்று சொல்லிவிட்டார். புண்ணாகிக் கிடந்த குடலுக்குள் நாங்கள் நாரும் எள்ளுமாக அனுப்பி வைத்தோம். அக்கா வாழைப்பூவை ஆய்ந்து ஆய்ந்து விரல்களெல்லாம் கறுத்துப்போனாள். அவள் செய்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உப்பு, காரம் எல்லாம் சரியாக இருக்கும்.

சாயங்கால ரயிலில் வந்து இறங்கியதும் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துகொள்வேன். அவள் அறை வாசற்படியில் உட்காருவாள். நடுவே கொல்லை. அங்கிருந்தே பேப்பரைப் படித்துக் காட்டுவேன், யுத்தச் செய்தி, அரிசிப் பங்கீடு, என் துணுக்கு. வீட்டுக்குள் இருந்த காலத்தில் நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை. நடுவில் சட்டென்று எழுந்து வேலிப்பக்கம் போவாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துப் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்வேன். திரும்பி வந்து, "ம், சொல்லுங்க, அப்பறம் அந்தப் பொம்பள இன்னா பண்ணா?" என்பாள். குரல் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போனாற்போல இருக்கும்.

அவள் மெலிந்துபோனது எங்களுக்குப் படிப்படியாகத் தெரிந்ததால் தெரியாமலே இருந்தது. ஒரு நாள் மாடத்துச் செம்பை எடுக்கக் கையைத் தூக்கினாள். வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஓடிப்போய் நின்றன. கையை இறக்கினதும் கழன்று தரையில் விழுந்தன. அக்கா அதைப் பார்த்தாள். அன்றைக்குத் தட்டை எட்ட வைக்கும்போது வழக்கத்தைவிட ஓரடி கிட்ட வைத்ததை நான் கவனித்தேன்.

"பட்டணத்துல பொம்பளைங்க ஆசுபத்திரி கீதே, அங்க இட்டுகினு போ. தூரமா இருந்தா இருந்துட்டுப் போவுது. ரயிலுக்கு ஏது தீட்டு," என்றாள்.

காலை ரயிலில் அவளைப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு நான் அடுத்த பெட்டியில் நின்றுகொண்டேன். ஆவடிப் பக்கமிருந்து வந்த பட்டாளத்து ஆட்களால் வண்டி நிறைந்திருந்தது. சென்ட்ரலில் இறங்கிப் பெண்கள் பெட்டிக்குப் போனால் அவள் இல்லை. பிளாட்பாரம் காலியாகும்வரை நின்றேன். பெட்டியைக் கூட்ட வந்த கிழவி, "வெளிறிப்போய் ஒரு பொண்ணு இருந்திச்சே, அதுவா? வில்லிவாக்கத்துலயே எறங்கி ஓடிச்சி, நைனா," என்றாள்.

திரும்புகிற வண்டியைப் பிடித்து வில்லிவாக்கத்தில் இறங்கினேன். ஸ்டேஷனுக்குப் பின்னால், சரக்குக் கொட்டகை தாண்டி ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். புடவையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது. பக்கத்தில் கீரைக்காரி ஒருத்தி தன் கூடையையும் வியாபாரத்தையும் விட்டுவிட்டு வெயிலுக்கு மறைவாக நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வந்துட்டாரு உங்க ஊட்டுக்காரரு," என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என்னிடம் பேசத் தகுந்ததாக அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது.

நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன். பழக்கம். அவள் சொன்னாள்:

"கிட்டயே வாங்க. இது அது இல்ல."

"எது?"

"தூரம் இல்லீங்க. நெசத் தூரம் நின்னுபோயே ரொம்ப நாளாச்சு. இது வவுத்துலேர்ந்து போவுது. ரத்தமும் சளியுமா."

நான் உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து என்று கேட்டேன். சொன்னாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா கெணத்துல மருந்து ஊத்துவாங்க. எதிர் ஊட்ட பாத்தோமில்ல. அண்ணி தெருவுல எப்பிடித் தலகாட்டுவாங்க?" ஈரப் புடவையைப் பிழிந்துவிட்டுக்கொண்டாள். "உள்ள இருந்தா, ஏன் போற, எத்தினி வாட்டி போறேன்னு கேப்பாங்க. தூரம்னா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. அந்த ரூம்ல இருந்தா மானத்தோட இருக்கலாம்னு பாத்தேன்."

"சோறு?"

"ஆறிப்போயிதான் இருக்கும். அதையும் தின்ன மாட்டேன். தின்னா உடனே போவணும். பாதியக் கொட்டிட்டு தட்டக் கழுவி வெச்சிடுவேன்."

அந்த அறைதான் அவளை மறைத்து வைத்திருந்தது. அந்த அறையில்தான் அவள் பட்டினி கிடந்து தேய்ந்துகொண்டிருந்தாள். பெண்கள் ஆஸ்பத்திரிக்கு இனி வேலையில்லை. அடுத்த வண்டியில் இருவரும் ஒரே பெட்டியில் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே டாக்டர் என்ன உடம்புக்கு என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எங்கள் வீட்டுப் பெண்கள் அன்னிய ஆண்பிள்ளையிடம் நேராகப் பேசுவதில்லை. அவள் என்னிடம் சொல்ல வேண்டும், நான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவள் முக்காட்டுக்குள்ளிருந்து முணுமுணுத்தாள். நான், "அடிக்கடி மலசுத்தி, சற்றுச் சிவந்த நிறத்தில்" என்று ஆரம்பித்தேன்.

"இன்னாங்க நீங்க," என்றாள் அவள். "செவந்த நெறமாம். ரத்தம்னு சொல்லுங்க."

"ரத்தம்," என்றேன்.

"கட்டி கட்டியா."

"கட்டி கட்டியாக."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், நீங்க கொஞ்சம் வெளியே நில்லுங்க," என்றார். ஒரு நர்ஸைக் கூப்பிட்டார். கதவுக்கு வெளியே நின்று அவள் பேசுவதைக் கேட்டேன். வெகுநேரம் பேசினாள். என்னிடம் கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசினதில்லை.

வார்டில் சேர்த்துக்கொண்டு, முதலில் சீதபேதி என்றே எண்ணி ஊசி போட்டார்கள். ஊசி அவளைப் படுக்கையோடு ஒட்டவைத்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. மலத்தைச் சோதித்தார்கள். கிருமி ஒன்றும் அகப்படவில்லை. பிறகு விளக்கு வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். அதற்குச் சம்மதிக்க அவளுக்கு ஒரு முழு நாள் பிடித்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஓர் ஆங்கிலப் பெயரைச் சொன்னார். பெருங்குடலின் உட்புறம் பூராவும் புண் என்றார். ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. தொத்து இல்லை. அடங்கும், திரும்ப வரும். தீர்க்கிற மருந்து எந்த நாட்டிலும் இல்லை.

"பின்னே என்னதான் செய்வது?"

"வயிற்றைக் கட்டுப்படுத்த ஒரு மருந்து தருகிறேன். பாக்கியெல்லாம் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சாதம் குழைய வேண்டும். சூடாக, கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை கொடுக்க வேண்டும். முட்டை, ஆட்டெலும்பு ரசம். நார் கூடாது, கீரை கூடாது. படுக்கைக்குப் பக்கத்திலேயே சட்டி வையுங்கள். இந்த உடம்போடு வேலி தாண்டி ஓடக்கூடாது. உங்கள் வீட்டில் சமைக்கிறது யார்?"

"அக்கா."

"அவர்களுக்கு வியாதி என்னவென்று தெரியுமா?"

நான் டாக்டர் மேஜையில் இருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டியில் திரும்பும்போது அவள் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். அண்ணியிடம் சொல்லக்கூடாது. சொல்லாவிட்டால் சூடான சாதம் எப்படி வரும் என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கொரட்டூர் வந்ததும், "அப்ப நீங்களே சொல்லிடுங்க. சொல்றப்ப நான் அங்க இருக்கமாட்டேன்," என்றாள். ஊர் வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் நேரே கொல்லை வழியாக அறைக்குப் போய்விட்டாள்.

நான் சொன்னதை அக்கா உரலில் உட்கார்ந்து கேட்டாள். அழகான வார்த்தைகள் இந்தத் தடவை என் வாயில் வரவில்லை. முடித்ததும் அவள் முகத்தில் வந்தது கோபம்தான்.

"தூரத்த மறைச்சவள நான் பாத்துகீறேன். தூரமில்லாம தூரம்னு சொன்னவள இப்பத்தான் பாக்கறேன். ஒண்ணர வருசமா வாழைப்பூ ஆஞ்சிக் கை கறுத்துகினு கெடக்குது எனக்கு."

"அவள் உனக்காகத்தான்..."

"தெரியும், சும்மா இரு." கறுத்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "கெணத்துல மருந்து ஊத்துவானா?" என்றாள்.

"டாக்டர் இது தொத்து இல்லை என்கிறார்."

"டாக்டரு நம்ம தெருவுலயா கீறாரு?"

அக்கா எழுந்தாள். அன்றே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். பொய்யை அப்படியே வைத்துக்கொள்வது. தெருவுக்கு அது கர்ப்பப்பை வியாதிதான். என் மனைவி பின்னறையிலேயே இருப்பாள். ஆனால் சோற்றை எட்ட வைக்கமாட்டாள் அக்கா, உள்ளே போவாள். குழைந்த சாதத்தை மசித்து ஊட்டுவாள். சட்டியையும் துணியையும் தானே பார்த்துக்கொள்வாள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. தூரமானவளைத் தொட்டவள் தலை முழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. எங்கள் கிணறு பக்கத்து வீட்டுக்கும் பொது. கிணற்றடியில் எப்போதும் இரண்டு பெண்கள் நிற்பார்கள். அக்கா முழுகாமல் உள்ளே போனால் ஏன் என்று கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு தடவை ஊட்டிவிட்டு வரும்போதும் கிணற்றடியில் நின்று தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். காலைக் கஞ்சிக்கு ஒன்று, பகல் சோற்றுக்கு ஒன்று, இடையில் எலும்பு ரசத்துக்கு ஒன்று, துணி அலசினால் தனியாக ஒன்று. இல்லாத தீட்டைக் கழுவுகிறோம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெருவில் அவளுடைய ஆசாரத்தைப் பற்றி எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள்.

"போதும் அக்கா, கையைக் காலை நனைத்துக்கொள், போதும்," என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"பொய் சொல்றதுன்னா ஒழுங்காச் சொல்லணும்," என்றாள் அக்கா, முடியைப் பிழிந்துகொண்டே. "ஒன்ன மாதிரி பத்திரிகைக்கு எழுதற பொய்யா இது?"

மனைவிக்குக் கொஞ்சம் சதை பிடித்தது. ரத்தம் குறைந்தது. கன்னத்தில் ஒரு நிறம் வந்தது. ஐப்பசி மழையும் கார்த்திகைக் காற்றும் தாண்டி, மார்கழிப் பனியில் அக்காவுக்கு இருமல் பிடித்தது. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போது விசில் போல ஒரு சத்தம். அப்படியும் முழுகுவதை விடவில்லை. அறையில் இருந்தவளுக்கு வாளி இறங்குகிற சத்தம் கேட்கும், தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்கும், அதற்குப் பின்னால் இருமல் கேட்கும். சாதத்தை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அக்கா அதட்டி ஊட்டினாள்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு காலை. நான் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். அக்கா ஊட்டிவிட்டு வந்து வாளியைத் தூக்கினாள், தூக்க முடியவில்லை. கல்லில் உட்கார்ந்து இருமினாள். என் மனைவி அறையைவிட்டு வெளியே வந்தாள். கொல்லையின் நடுவே நடந்து நேரே கிணற்றடிக்கு வந்து, அக்கா கையிலிருந்த வாளியைப் பிடுங்கி வைத்தாள். தூரமானவள் கிணற்றைத் தொட்டதும் பெண்கள் பதறிக் குடங்களைத் தூக்கிக்கொண்டார்கள்.

"எனக்குத் தூரம் இல்ல," என்றாள் அவர்களிடம். குரல் உயரவில்லை. "எனக்கு ரத்தபேதி. ரெண்டு வருசமா. அண்ணி முழுவ வேணாம். முழுவி முழுவி அவங்க செத்துடுவாங்க."

"வாய மூடு, பாவி," என்றாள் அக்கா, இருமலுக்கு நடுவில்.

அவள் மூடவில்லை. அக்காவின் தோளைப் பிடித்துத் தூக்கி, அந்த ஈரத்தலையோடு வீட்டுக்குள் நடத்திக்கொண்டு போனாள். அப்போதுதான் சற்றுத் தேறியிருந்த அவள், என்னைக் கூப்பிடவில்லை. நான் ஒரு கையில் குடையும் மறு கையில் சாப்பாட்டுத் தூக்குமாக நின்றிருந்தேன்.

நடக்க வேண்டியதெல்லாம் முறைப்படி நடந்தது. யார் சொன்னார்களோ, இன்ஸ்பெக்டர் வந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். படித்தார், தலையாட்டினார், எதற்கும் இருக்கட்டும் என்று மருந்தைக் கொட்டிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டார் நடுவே தட்டி கட்டிக்கொண்டு வேறு கிணறு வெட்டினார்கள். வண்ணான் நின்றான். அக்கா என் மனைவியோடு ஒரு வாரம் பேசவில்லை. பேசாமலேயே சாதம் குழைத்தாள், பேசாமலேயே ஊட்டினாள். பேச ஆரம்பித்தபோது, "உப்புப் போதுமா?" என்றுதான் ஆரம்பித்தாள்.

படுக்கையை நடுக்கூடத்தில் போட்டோம். மறைவுக்கு நான் ஒரு மூங்கில் தட்டி கட்டினேன். அது மூன்று தடவை விழுந்தது. சட்டியைக் கொண்டுபோய்க் கொட்டுவதை நான் ஏற்றுக்கொண்டேன். ஆண்பிள்ளை செய்யலாமா என்று அக்கா முதல்நாள் கேட்டாள்; இரண்டாம் நாள் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை டாக்டரிடம் போவோம். நான் வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருப்பேன். அவளே உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருவாள். "என்ன சொன்னாய்?" என்று கேட்டால், "உங்களுக்கு எதுக்கு, அத அழகு பண்ணி எழுதுவீங்க," என்பாள். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் அதிகமாக அப்படி ஓடியது. அவளுக்கு நல்ல நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் நெல் புடைத்தாள், அக்காவோடு சண்டை போட்டாள், ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் கலங்கலில் வழிகிறது என்றதும் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

பிறகு அது திரும்பி வந்தது. டாக்டர் சொல்லியிருந்தார்தான். இந்தத் தடவை மருந்துக்கு அடங்கவில்லை. குழைந்த சாதமும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் ஏற்றினார்கள், என் ரத்தம் சேரவில்லை, யாரோ முகம் தெரியாதவருடையது சேர்ந்தது. வயிற்றைக் கிழித்துக் குடலை வெளியே எடுத்துவிடலாம், பிழைத்தால் பிழைக்கலாம் என்று அறுவை டாக்டர் சொன்னார். அதற்கு நாள் குறிப்பதற்குள் குடல் உள்ளேயே ஓட்டை விட்டுக்கொண்டது. அக்கா வார்டில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போல வெளியே பெஞ்சியில். உள்ளே வரலாம் என்று நர்ஸ் வந்து சொன்னபோது அவள் பேசும் நிலையைத் தாண்டியிருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன். பிற்பகலில் மூச்சு அடங்கிவிட்டது.

முன்னமே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் நேர்மையான மனிதர். இன்னும் சில வருஷம் இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், ஆனால் இவ்வளவு வலி இருந்திருக்காது என்றார்.

துக்கத்துக்கு ஜனங்கள் வந்தார்கள். மேனாம்பேட்டிலிருந்து, பூந்தமல்லியிலிருந்து, வெள்ளானூருக்குப் போய்விட்ட எதிர்வீட்டாரிலிருந்துகூட ஒருத்தர். வந்தவர்களெல்லாம் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். என்ன உடம்புக்கு?

முதலில் வந்த உறவுக்காரரிடம் நான் வாயைத் திறந்தேன். "நீண்ட நாளாக ஒரு..." என்று வார்த்தை தேடினேன். கூடத்துத் தூணில் சாய்ந்திருந்த அக்கா குறுக்கிட்டாள்.

"கொடல்ல புண்ணு. ரத்தரத்தமா பேதியாவும். ஒண்ணர வருசம் தூரம்னு சொல்லிகினு கொட்டாய்ல ஒளிஞ்சி கெடந்தா. நாங்களும் எட்ட வெச்சி சோறு போட்டோம். இன்னா ஏதுன்னு ஒருத்தரும் கேக்கல."

வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கூட வந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வயிற்றோடு முந்தானையை இழுத்துக்கொண்டார்கள். அவர்களில் இளையவள் ஒருத்தி மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கும்போது ஏதோ கேட்க வருகிறவள் போல நின்றாள். மாமியார் கூப்பிட்டதும் போய்விட்டாள்.

வாசலில் இன்னொரு வண்டி வந்து நின்றது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். இறங்கினவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.